கோயம்புத்தூருக்கு ஐகியா வருமா? ஒரு சதுர அடிக் கணக்கு

அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபிறகு ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. லூலு வந்துவிட்டது, மால்கள் வந்துவிட்டன, ஸ்வீடனின் ஃபர்னிச்சர் கடை ஐகியா எப்போது வரும்? கேட்பதில் தப்பே இல்லை. நல்ல வடிவமைப்பில், நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் கட்டிலும் மேசையும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் "ஊர் வளர்கிறது, ஆகவே வரும்" என்று சொல்லிவிட முடியாது. இந்த வியாபாரத்துக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டால், 4 லட்சம் சதுர அடியில் நீலப் பெட்டி மாதிரி நிற்கும் ஐகியாவின் பெரிய கடை இந்தப் பத்தாண்டில் கோவைக்கு வராது என்றுதான் விடை வருகிறது. 50,000 சதுர அடிக் கடை வரலாம். அதற்கு ஊர் செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு.

முதலில், வந்த ஊர்களுக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். ஒற்றை பிராண்ட் சில்லறை வணிகத்தில் (ஒரே பிராண்டின் பொருள்களை மட்டும் விற்கும் கடைகளில்) 100 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது 2012 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில் ஐகியா விண்ணப்பித்தது. 25 கடைகள், சுமார் 10,500 கோடி ரூபாய் முதலீடு என்பது அன்றைய திட்டம். ஒப்புதல் 2013-இல் கிடைத்தது. ஹைதராபாத் ஹைடெக் சிட்டி பக்கம் 13 ஏக்கர் நிலம் வாங்கியது 2015-இல், அடிக்கல் நாட்டியது 2016-இல், கடை திறந்தது 2018 ஆகஸ்ட் 9 அன்று. விண்ணப்பத்திலிருந்து கடைத் திறப்பு வரை ஆறு வருஷம். நிலம் கைக்கு வந்ததிலிருந்து எண்ணினாலும் மூன்று வருஷம். பிறகு 2020 டிசம்பரில் நவி மும்பை, 2022 ஜூனில் பெங்களூரு நாகசந்திரா. 25 என்று தொடங்கிய திட்டத்தில், பெரிய கடை என்று சொல்லத்தக்கவை இந்த மூன்றுதான். சென்னைக்கே இதுவரை ஒன்று வரவில்லை. ஆகவே முதலீட்டாளர் மாநாட்டில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள் என்று செய்தி வந்தால் அதை வைத்து வீட்டுக்குச் சாமான் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். நிலப் பத்திரம் பதிவான நாளிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும்.

அந்த மூன்று ஊர்களின் அளவையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் ஹைதராபாத் நகரத் திரள், அதாவது நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்து, 77 லட்சம், பெங்களூரு 85 லட்சம், மும்பை 1 கோடியே 84 லட்சம். கோவை நகரத் திரள் சுமார் 21 லட்சம். அந்தக் கணக்கு பழையது, ஊர் இன்று வேறு என்பது சரி. மெட்ரோ ரயில் கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை வரம்பைக் காட்டி 2025 நவம்பரில் கோவைத் திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பியபோதும் கையில் எடுத்தது 2011 எண்ணைத்தான், அதுவும் நகரத் திரளை விட்டுவிட்டு மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களை மட்டும். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் கடைக்காரர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் காத்திருக்க மாட்டார். அவர் எண்ணுவது தலைகளை அல்ல, வீடுகளை. அதிலும் இந்த வருஷம் வீடு மாறுகிறவர்கள், கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போகிறவர்கள், புது அபார்ட்மெண்டில் சாவி வாங்குகிறவர்கள், வாடகைக்கு வந்து இறங்குகிற ஐ.டி. பிள்ளைகள். இருபது வருஷமாக ஒரே வீட்டில், பாட்டி காலத்துத் தேக்குக் கட்டிலோடு இருக்கிற குடும்பம் எவ்வளவு வசதியானதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

இனி கணக்கு. ஐகியாவின் இந்திய விற்பனை 2024 நிதியாண்டில் சுமார் 1,800 கோடி ரூபாய். நட்டம் சுமார் 1,300 கோடி. மூன்று பெரிய கடைகள் (ஹைதராபாத் 4 லட்சம், நவி மும்பை 5.3 லட்சம், பெங்களூரு 4.6 லட்சம் சதுர அடி), கூட மும்பையின் சின்னக் கடைகள், எல்லாம் சேர்த்து 15 லட்சம் சதுர அடி என்று வைப்போம். ஆன்லைன் விற்பனையையும் கடைக் கணக்கிலேயே சேர்த்துவிடுவோம். வகுத்தால் ஒரு சதுர அடிக்கு வருஷத்துக்கு சுமார் 12,000 ரூபாய் விற்பனை. நட்டத்தில் ஓடும்போதே இவ்வளவு விற்கிறது என்பதை மறக்கக் கூடாது. புதுக் கடை ஒன்று இந்தச் சராசரிக்குக் கீழே போனால் நிறுவனத்துக்கு அதைத் திறக்கக் காரணமே இல்லை.

ஹைதராபாத் அளவில் 4 லட்சம் சதுர அடிக் கடை கோவையில் வந்தால், அந்தச் சராசரியைத் தொட வருஷத்துக்கு 480 கோடி ரூபாய்க்கு விற்க வேண்டும். யார் வாங்குவார்கள்? கோவை மட்டும் போதாது. 50 கிலோமீட்டர் சொச்சத்தில் திருப்பூர், அதே தூரத்தில் பாலக்காடு, 100 கிலோமீட்டரில் ஈரோடு என்று சேர்த்துக்கொள்வோம். 2011 கணக்கில் இந்த நான்கு நகரத் திரள்களும் சேர்ந்து 39 லட்சம் பேர். குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் பத்து லட்சம் குடும்பம் வரவில்லை. வளர்ச்சியையும் சேர்த்து, தாராளமாகவே, 12 லட்சம் குடும்பம் என்று வையுங்கள். 480 கோடியை 12 லட்சத்தால் வகுத்தால் குடும்பத்துக்கு வருஷம் 4,000 ரூபாய். கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் 12 லட்சம் குடும்பமும் இந்தக் கடைக்கு வரப்போவதில்லை. நான்கில் ஒன்று, அதாவது 3 லட்சம் குடும்பம் வரும் என்றால், ஒவ்வொன்றும் வருஷா வருஷம் 16,000 ரூபாய் செலவழிக்க வேண்டும். சோபாவும் கட்டிலும் பீரோவும் எட்டு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை வாங்குகிற சாமான். வருஷா வருஷம் 16,000 என்பது நடக்காது.

அதே கணக்கை 50,000 சதுர அடிக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 60 கோடி. அதே 3 லட்சம் குடும்பத்துக்குப் பங்கிட்டால் தலா 2,000 ரூபாய். இது நடக்கும். ஒரு வருஷம் மெத்தை விரிப்பு, திரைச்சீலை, நாலு தட்டு, ஒரு விளக்கு. இன்னொரு வருஷம் பிள்ளைக்குப் படிப்பு மேசை. பெரிய சாமானைக் கடையில் பார்த்துத் தொட்டு, ஆர்டர் மட்டும் கொடுத்துவிட்டு வருவது. ஆகவே சின்னக் கடையைக் கேட்பதுதான் சரியான கோரிக்கை.

நிறுவனமே அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2022-இல் மும்பை காட்கோபரில் ஆர் சிட்டி மாலுக்குள் திறந்த கடை 72,000 சதுர அடி. டெல்லியில் 2025-இல் பசிபிக் மாலில் திறந்தது சுமார் 15,000 சதுர அடி. நாட்டின் மிகப்பெரிய சந்தைகளில் ஒன்றான டெல்லிக்கே ஆன்லைனையும் சின்னக் கடையையும் முன்னால் அனுப்பிவிட்டுத்தான் பெரிய கடையைக் கட்டுகிறார்கள் என்றால், கோவைக்கு வேறு வழி இருக்காது. அமெரிக்காவிலும் இதே கதை. மடமடவென்று வளர்ந்த நாஷ்வில் நகரத்துக்கு 2017-இல் பெரிய கடை அறிவித்தார்கள். ஆன்லைனும் சின்னக் கடையும்தான் இனி வழி என்று முடிவானதும் 2018-இல் கைவிட்டார்கள். அந்த ஊர் அதற்காக வளர்வதை நிறுத்திவிடவில்லை. கடை வராதது ஊருக்குக் குறை என்று நினைப்பதை நாமும் விட வேண்டும்.

சரி, பெரிய கடை வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நிலம்? 13 ஏக்கர் என்றால் நம்மூர்க் கணக்கில் 1,300 சென்ட். சென்ட் 20 லட்சம் என்று வைத்தால் நிலத்துக்கு மட்டும் 260 கோடி. ஒன்பது சதவீத வட்டியில் வருஷத்துக்கு 23 கோடிக்கு மேல், ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே. அவினாசி சாலை முகப்பில் 20 லட்சத்துக்குச் சென்ட் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நீலம்பூர் தாண்டியோ எல் அண்ட் டி பைபாஸ் ஓரமோ போக வேண்டும். பணத்தைவிடப் பெரிய தலைவலி நிலம் துண்டுதுண்டாக இருப்பது. 13 ஏக்கர் ஒரே பட்டாவில் கிடைப்பது அபூர்வம். பத்துப் பதினைந்து குடும்பங்களிடம் இருக்கும். ஒருவரிடம் பாகப்பிரிவினை முடிந்திருக்காது, இன்னொருவரின் வாரிசு வெளிநாட்டில் இருப்பார், நடுவே ஒரு வண்டிப்பாதையோ வாய்க்கால் புறம்போக்கோ ஓடும். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்கு எடுத்து, தாய்ப்பத்திரம் வரை சரிபார்த்து, விவசாய நிலமாக இருந்தால் நில உபயோக மாற்றம் வாங்கி, பிறகுதான் கட்டட அனுமதி. விமான நிலையம் பக்கம் என்றால் உயரத்துக்குத் தனித் தடையின்மைச் சான்று. தேசிய நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் பாதைக்குத் தனி அனுமதி. இந்தக் கடைசிச் சான்றை எல்லோரும் கடைசியில்தான் நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆயிரம் கார் ஒரே வாசலுக்குத் திரும்பினால் சாலையே நின்றுவிடும். ஹைதராபாத்தில் திறப்பு நாளன்று அந்த வட்டாரப் போக்குவரத்து எப்படி நின்றது என்று நாடே பார்த்தது. நாகசந்திராவில் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் பாதிப் பேர் கார் இல்லாமல் வரலாம். கோவையில் அந்த வசதிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

பெங்களூரு இன்னொரு தடை. கோவையிலிருந்து 365 கிலோமீட்டர். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் இன்னும் பக்கம். பெரிய சாமான் வாங்க நினைக்கிற கார்க்காரக் குடும்பம் ஒரு சனி, ஞாயிறில் போய் வந்துவிடும். புதுக் கடை போட்டால் பெங்களூருக் கடையின் விற்பனையில் எவ்வளவு இடம் மாறும், எவ்வளவு புதிதாக வரும் என்று நிறுவனம் பிரித்துப் பார்க்கும். இடம் மாறும் விற்பனையை அது வளர்ச்சியாக எண்ணாது.

கோவையில் இந்தக் கடைக்கு உண்மையான போட்டி யார் என்றால், பக்கத்து பிராண்ட் கடைகள் கிடையாது. நம் தெரு ஆசாரிதான். இதை ஒரு அலமாரியை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆறடி உயரம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள இரட்டைக் கதவுத் துணி அலமாரி. பக்கப் பலகை இரண்டு, ஆறுக்கு இரண்டு: 24 சதுர அடி. மேல், கீழ், நடுவில் இரண்டு தட்டு, நாலுக்கு இரண்டு: 32 சதுர அடி. கதவு இரண்டும் சேர்ந்து 24. ஆக 80 சதுர அடிக்கு 18 மில்லிமீட்டர் பலகை. முதுகுக்கு இன்னொரு 24 சதுர அடி, அது மெல்லிசு. ஆசாரி செய்தால் எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் மூன்று வாங்குவார். கணக்குப்படி இரண்டரை போதும், அறுப்பில் மிச்சம் விழும். முதுகுக்கு 6 மில்லிமீட்டரில் ஒரு ஷீட், பிறகு மைக்கா, ஃபெவிகால், கீல், கைப்பிடி, பூட்டு. இரண்டு பேர் மூன்று நாள் வேலை. வீட்டுத் தரை சரிவாக இருந்தால் அடியில் செதுக்கிச் சமன் செய்வார். சுவர் மூலை சதுரமாக இல்லாவிட்டால் பக்கப் பலகையை அதற்கேற்ப இழைப்பார். பத்து வருஷம் கழித்து வீடு மாறும்போது கழற்றி மாட்டித் தருவார். இந்தச் சேவை எந்தப் பெட்டிக்குள்ளும் வராது.

அதே அலமாரியை, ஐகியா விற்பதுபோல, பலகைகளாகத் தட்டைப் பெட்டியில் வையுங்கள். நிற்கும் அலமாரி அடைக்கிற இடம் 6 × 4 × 2, ஆக 48 கன அடி. பலகைகளை அடுக்கினால் 80 சதுர அடி 18 மில்லிமீட்டர் பலகைக்கு 4.7 கன அடி, முதுகுக்குக் கால் கன அடி. அட்டைப் பெட்டி, தெர்மோகோல், ஸ்க்ரூ பொட்டலம் எல்லாம் சேர்த்து ஏழு கன அடியில் அடங்கிவிடும். ஒரு லாரியில் முழு அலமாரி 30 ஏற்றுகிற இடத்தில் பெட்டியாக 200 ஏற்றலாம். விலை குறைவதன் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது: லாரியில் காற்றை ஏற்றிக்கொண்டு போவதில்லை. பலகையும் பிளைவுட் இல்லை, பார்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்தது, மேலே மெல்லிய படலம். இதன் பலவீனம் விளிம்பு. நம் வீடுகளில் தரையை ஈரத்துணியால் தினமும் துடைப்போம், வெள்ளிக்கிழமை கழுவியும் விடுவோம். தரையைத் தொடுகிற விளிம்பில் பட்டை ஒட்டியது ஒரு நூல் விட்டிருந்தால் போதும், தண்ணீர் ஏறி ஊதிவிடும். ஊதினது திரும்ப இறங்காது. பத்து சென்டிமீட்டர் கால் வைத்த சாமானாகப் பார்த்து வாங்குவதும், கால் இல்லாவிட்டால் அடியில் பி.வி.சி. பட்டை கொடுப்பதும் அவசியம்.

இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்காரர்களும் ஆசாரிகளும் மினிஃபிக்ஸ் என்று சொல்கிற திருகு இணைப்பு இது: ஒரு பலகையில் 15 மில்லிமீட்டர் வட்டக் குழியில் உலோகப் பூட்டு, மறு பலகையில் ஒரு ஸ்க்ரூக் கம்பி, பூட்டை அரைச் சுற்றுத் திருகினால் கம்பியின் தலையைக் கவ்வி இழுக்கும். பக்கத்தில் 8 மில்லிமீட்டர் மரமுளை. முதல் தடவை மாட்டும்போது நன்றாகப் பிடிக்கும். கழற்றி மாட்டினால் பார்டிகிள் போர்டில் கம்பி இறங்கிய துளை தளரும். இரண்டாவது வீடு மாற்றத்துக்குப் பிறகு அலமாரி ஆட ஆரம்பிப்பது இதனால்தான். துளைக்குள் மரப்பசையோடு தீக்குச்சி இரண்டை உடைத்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டுப் பிறகு முடுக்கினால் இன்னும் சில வருஷம் ஓடும். 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கிற இளைஞர்களுக்கு இது முக்கியமான விஷயம். உயரமான அலமாரி எதுவானாலும் கூட வருகிற பட்டையைச் சுவரில் ட்ரில் போட்டு மாட்டியே தீர வேண்டும். வீட்டுக்காரர் சுவரில் துளை போடவிடவில்லை என்றால் உயரமான அலமாரியே வேண்டாம். குழந்தை இழுப்பறையைப் படிக்கட்டாக்கி ஏறினால் சாமான் முன்னால் சாயும்.

இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடை வருகிறதா என்பது இந்த வேலையைச் செய்து தர ஊரில் ஆள் இருக்கிறார்களா என்பதையும் பொறுத்தது. ஐரோப்பாவில் வாங்கியவரே முடுக்கிக்கொள்வார். இங்கே முடுக்கித் தர ஆள் வேண்டும். ஹைதராபாத்தில் கடை திறக்கும்போதே வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் அன்றைய அர்பன்கிளாப் நிறுவனத்துடன் அதற்காகக் கை கோத்தார்கள். கோவையில் நூறு பேருக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்தால் போதும். பிளைவுட் வேலை தெரிந்த பையனுக்கு இது இரண்டு நாளில் பிடிபடும். பார்டிகிள் போர்டில் ட்ரில்லை முழு வேகத்தில் ஓடவிடக் கூடாது, கடைசி முடுக்கைக் கையால் முடுக்க வேண்டும் என்பதைத்தான் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கும். தொழிற்பேட்டைகளும் ஐ.டி.ஐ.களும் நிறைந்த ஊருக்கு இது பெரிய காரியம் இல்லை.

கோவையின் பலம் எங்கே என்று கேட்டால், கடையைவிடக் கிடங்கிலும் தொழிற்சாலையிலும் என்பேன். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருக்கிறது. கொச்சித் துறைமுகத்தின் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் 190 கிலோமீட்டர் சொச்சம். இருகூரில் கன்டெய்னர் நிலையம் இருக்கிறது. கேரள எல்லையில் வாளையார் சோதனைச் சாவடியில் நாள் கணக்கில் லாரி நின்ற காலம் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது. அதற்கு முன்பு பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் கோவையிலிருந்து ஃபர்னிச்சர் அனுப்புவது என்றால் பில், பாரம், வரி என்று ஒரு நாள் போய்விடும். இப்போது காலையில் ஏற்றினால் மதியம் இறக்கலாம். கேரளக் குடும்பங்கள் கல்யாண ஜவுளிக்கு ஒப்பணக்காரத் தெருவுக்கும் கிராஸ்கட் ரோட்டுக்கும் வருகிற பழக்கம் தலைமுறை தாண்டியது. அந்தப் பழக்கத்தின் மேல் எந்தக் கடையும் கட்டலாம்.

தொழிற்சாலைப் பக்கம் வந்தால், கரூரின் வீட்டு ஜவுளி உலகம் முழுக்கப் போகிறது. ஐகியாவும் அங்கே பல காலமாக வாங்குகிறது. இந்தியாவில் கடை போடுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த நிறுவனம் இங்கிருந்து சரக்கு எடுத்துக்கொண்டிருந்தது. பொள்ளாச்சியில் தென்னை நார். திருப்பூரில் பின்னலாடை. கோவையில் வார்ப்பு, தகடு வளைப்பு, பவுடர் கோட்டிங். அந்நிய முதலீட்டு விதிப்படி சரக்கு மதிப்பில் 30 சதவீதம் இந்தியாவில் வாங்க வேண்டும். வெளிநாட்டுக் கடைகளுக்காக இங்கிருந்து எடுப்பதையும் அந்தக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்று 2019-இல் தளர்த்தினார்கள். வெளியிலிருந்து இறக்கும் ஃபர்னிச்சருக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20-இலிருந்து 25 சதவீதமானது. கூடவே கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றுக்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரச்சான்று வேண்டும் என்ற ஆணையை 2025-இல் வெளியிட்டார்கள். இவை எல்லாம் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன: இங்கே விற்க வேண்டுமானால் இங்கே செய். கோவை வட்டாரம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அலமாரிக்கு ஐ.எஸ். 17634, கட்டிலுக்கு 17635, மேசைக்கு 17633. இந்தச் சோதனைகளைச் செய்யும் கூடம் ஒன்றைச் சிறுதொழில் சங்கங்கள் சேர்ந்து கொண்டுவந்தால், ஒரு அந்நியக் கடை மட்டுமல்ல, எந்த பிராண்டும் இங்கே ஆர்டர் கொடுக்கத் தயங்காது. உழைப்பும் இயந்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன. சான்றுக்காக மாதிரியைத் தூரத்து ஊருக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் சிறுபட்டறைகளைக் கொல்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹைதராபாத் கடைக்கு முன்பு அவர்கள் சுமார் 1,000 வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. அதன் பலன் கடையில் தெரிந்தது: இட்லிப் பாத்திரம், தவா, 200 ரூபாய்க்குக் கீழே ஆயிரம் பொருள்கள், 1,000 பேர் உட்காரும் சாப்பாட்டுக்கூடம். 200 ரூபாய்ப் பொருளை ஏழைக்கு என்று வைக்கவில்லை. கட்டில் வாங்க இரண்டு வருஷம் யோசிக்கிற குடும்பம் நடுவில் நாலு தடவை கடைக்கு வர ஒரு சாக்கு வேண்டும், அதற்காக வைத்தது. கொங்கு வீடுகளைப் போய்ப் பார்த்தால் வேறு பட்டியல் வரும். சீர்வரிசையில் இரும்பு பீரோ இன்னும் கட்டாயம், ஆகவே துணி அலமாரி இங்கே மெதுவாகத்தான் விற்கும். பூஜை அலமாரிக்குத் தனி அறை ஒதுக்குகிறார்கள். ஹாலில் பத்துப் பேர் உட்கார வேண்டும், எனவே இருவர் சோபா போதாது. விருந்தாள் வந்தால் தரையில் விரிக்க மடிக்கிற மெத்தை வேண்டும். வாங்கும் காலமும் வேறு. ஆடித் தள்ளுபடி, தீபாவளி போனஸ், தை, வைகாசி முகூர்த்தம். இந்த மாதங்களில் சரக்கு இல்லை என்று சொல்கிற கடை அந்த வருஷத்தையே இழக்கும்.

ஆகவே சின்னக் கடை ஒன்றை இழுக்க ஊரில் என்ன இருக்க வேண்டும்? 50,000 சதுர அடி ஒரே தளத்தில், தூண்களுக்கு நடுவே குறைந்தது 8 மீட்டர் இடைவெளி, தரையிலிருந்து பீம் வரை 4 மீட்டருக்கு மேல் உயரம். பழைய மால்களில் இதுதான் கிடைக்காது. சின்னச் சின்னக் கடைகளாகப் பிரித்துக் கட்டியிருப்பார்கள், இடிக்க முடியாத சுவர் நடுவில் நிற்கும். பின்பக்கம் லாரி பின்னோக்கி வந்து நிற்கும் மேடை, அது வாடிக்கையாளர் கார் போகும் பாதையைக் குறுக்கிடக் கூடாது. சரக்கு லிப்ட் கதவு இரண்டரை மீட்டர் உயரமாவது திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் மெத்தையும் அலமாரிப் பெட்டியும் படியில்தான் ஏறும். வாடகை சதுர அடிக்கு மாதம் 60 ரூபாய் என்று வைத்தால் வருஷம் 3 கோடியே 60 லட்சம், அதாவது 60 கோடி விற்பனையில் 6 சதவீதம். 100 ரூபாய் கேட்டால் 10 சதவீதம், அங்கே பேச்சு முறிந்துவிடும். குறைந்த விலைக் கடைக்கு லாப வரம்பே அவ்வளவுதான். இடம் வைத்திருப்பவர்கள் நகைக்கடை வாடகையை மனதில் வைத்துப் பேசினால் வேலைக்கு ஆகாது.

கூடவே பீளமேட்டிலிருந்து நீலம்பூர் வரை எங்காவது 20,000 சதுர அடிக் கிடங்கு ஒன்று. ஆர்டர் செய்ததை வாடிக்கையாளரே வந்து எடுத்துக்கொள்கிற இடம். கட்டிலை மூன்றாவது மாடிக்கு ஏற்றித் தருவதற்கான கூலி பல நேரம் சாமான் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டுவிடும். டாடா ஏஸ் வைத்திருக்கிற ஓட்டுநர்கள் வாசலிலேயே நின்றால், ஊருக்குள் எந்த வீட்டுக்கும் ஒரு நடையில் பெட்டி போய்விடும். முதல் வருஷம் இந்தக் கிடங்கை மட்டும் திறந்து, எந்தப் பின்கோடிலிருந்து எவ்வளவு ஆர்டர் வருகிறது என்று எண்ணலாம். கோவையின் 641004-இலிருந்தும் 641014-இலிருந்தும் வருவதைப்போல திருப்பூர், பாலக்காட்டுப் பின்கோடுகளிலிருந்தும் ஆர்டர் குவிந்தால், கடைக்கு இடம் தேடி நிறுவனமே வரும். நாம் மாநாடு போட்டு அழைக்க வேண்டியிருக்காது.